நெற்பூ திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்

"நெல்லே வெயிலில் விளைகிற பயிர்தானே, ஒரு டிகிரி இரண்டு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

காலநிலை மாற்றம் விவசாயத்தை எவ்வளவு பாதிக்கும் என்று கணக்கிடுகிறவர்கள் வருங்கால வெப்பநிலையையும் மழையளவையும் பயிர் எப்படி வளரும் என்று கணக்கிடும் கணினி மாதிரிக்குக் கொடுத்து மகசூலைப் பார்ப்பார்கள். அப்புறம் விதைப்புத் தேதியை, ரகத்தை மாற்றிப் போட்டு எதில் இழப்பு குறைகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் மாதச் சராசரி வெப்பநிலையை மட்டும் கொடுத்தால் நெல்லின் மிக முக்கியமான ஒரு மணி நேரம் அதில் காணாமல் போய்விடும்.

நெற்பூவுக்கு இதழ் கிடையாது. பின்னால் உமியாகப் போகிற இரண்டு மூடிகள்தான். அவற்றின் அடியில் இருக்கும் இரண்டு சின்னச் செதில்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, மூடியை நெம்பித் திறக்கின்றன. காலை 10 மணிவாக்கில் திறந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. பூ திறக்கும்போது ஆறு மகரந்தப் பைகளுக்குள்ளும் மகரந்தத் தூள் சட்டென்று உப்புகிறது, அந்த அழுத்தத்தில்தான் பை வெடித்துத் தூள் பூவின் பெண் பாகமான சூல்முடியில் கொட்டுகிறது. அந்த நேரத்தில் பூவின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் தூள் சரியாக உப்பாது, பை வெடிக்காது. வெளியே பார்த்தால் கதிர் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பதர். இதற்குக் கண்ணேறு என்று வயலில் பொம்மை கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், காரணம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று, காற்றின் சூடு வேறு, கதிரின் சூடு வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாவதால், கதிர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 7 டிகிரி குளிர்ந்திருந்ததை அளந்திருக்கிறார்கள். ஈரக்காற்று நிறைந்த சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியிலோ 2003 வெப்ப அலையில் நெல் பெருமளவு பதராகிப் போனது. அதனால் கடலோர டெல்டாவில் 36 டிகிரி என்பதும் உள்நாட்டில் 36 டிகிரி என்பதும் பயிருக்கு ஒன்றல்ல. வெப்பமானியை நெல் வயலுக்குள், கதிர் மட்டத்தில் வைத்து அளக்கத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். பெரிய கணினிக்கு அப்புறம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

தகவமைப்பு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பூ திறக்கும் நேரத்தையே மாற்றுவது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே பூத்துவிடும். அந்தக் குணத்தை ஐஆர் 64 ரகத்துக்குள் கொண்டுவந்து, பூக்கும் நேரத்தை ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

ஆனால் இரவுச் சூட்டுக்கு இந்த வழி உதவாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவதாக 2004-லேயே சொல்லிவிட்டார்கள்.