பரணில் கிடக்கும் சிவப்பு மாத்திரை

நடவு நாட்களில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகள் சிலருக்குக் காலில் வயல் சேறு காய்ந்திருக்கும். "தலை சுத்துது டாக்டரம்மா" என்பார்கள். கீழ் இமையை விலக்கினால் வெளுத்திருக்கும். நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் மாமியார்தான் பதில் சொல்வார்: "அதைத் தின்னா புள்ள பெருத்துடும், சுகப்பிரசவம் ஆகாதுன்னு பரண்ல போட்டுட்டேன்."

அப்படி ஒரு பெண், இரண்டாவது பிரசவம், நள்ளிரவில் குழந்தையின் தலை தெரியும் நிலையில் வந்து சேர்ந்தாள். வேறு எங்கும் அனுப்ப நேரமில்லை. குழந்தை பிறந்தது; கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஊசி போட்டோம், வயிற்றை அழுத்திப் பிடித்தோம், டிரிப்ஸ் ஏற்றி 108-ல் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 11 கிராம் உள்ள பெண் அரை லிட்டர் ரத்தம் போனாலும் பெரும்பாலும் தாங்கிவிடுவாள். 7-க்குக் கீழே இருப்பவளுக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை. அன்று ஆம்புலன்ஸ் போன பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

நாடு முன்னேறியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 2004-06-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 254 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 97. தமிழ்நாட்டில் 54. வீட்டுப் பிரசவம் குறைந்ததும் 108 வந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். இங்கே இப்போது ஏறக்குறைய எல்லாருமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள். எந்த உடம்போடு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை.

குழந்தைக்கும் இதில் பங்குண்டு. தாய்க்கு ரத்தம் குறைந்தால் குறைமாதம், எடைக்குறைவு இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம். 2020-ல் நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அதில் 20 பேர் முதல் மாதத்திலேயே.

மாத்திரையால் பிள்ளை பெருக்காது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு வையுங்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கர்ப்பத்தில் மூன்று மாதம் முடிந்ததும் பூச்சி மாத்திரை கேளுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு சத்தமில்லாமல் ரத்தம் குடிக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லையா, சரி, நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது.

அப்புறம், பிள்ளை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் 180 நாள் போட வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.