நீரடித் தொல்லியலில் ஆழ்கடலுக்கு என்ன வேலை?

பிரிட்டனை ஐரோப்பாவோடு இணைத்திருந்து இன்று வடகடலுக்கு அடியில் கிடக்கும் டாக்கர்லாந்து பற்றித் தமிழில் செய்தி வந்தாலே 'ஆழ்கடல் அகழாய்வில் மூழ்கிய நகரம்' என்ற வார்ப்பில்தான் தலைப்பு வருகிறது. அங்கே ஆழ்கடல் கிடையாது. நடக்கும் வேலையில் பெரும்பகுதி அகழாய்வு அன்று. நகரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 'மூழ்கிய' என்பதும் பாதிதான் சரி.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆர்க்கியாலஜி கிரேக்கச் சொல். 'ஆர்க்கையோஸ்' என்றால் பழமையானது. நம் 'தொல்' அதே பொருளைத் தருகிறது. தொல்காப்பியத்தில் நிற்கும் தொல்தான் இது. 'தொல்பொருள் ஆய்வு' என்று நீட்டி எழுதியது போய் இன்று 'தொல்லியல்' நிலைத்துவிட்டது. அடிமரம், அடிவயிறு என்கிறோமே, அந்த 'அடி' சேர்ந்தால் நீரடித் தொல்லியல். எழுத்து தோன்றுவதற்கு முந்தைய காலத்தைத் 'தொல்பழங்காலம்' என்று ஒரே சொல்லில் சொல்லலாம். 'வரலாற்றுக்கு முந்தைய' என்று ஒவ்வொரு வரியிலும் இழுக்க வேண்டியதில்லை.

'கடலடித் தொல்லியல்' என்று எழுதுவோரிடம் எனக்குச் சண்டை இல்லை, இடம் கடலாக இருக்கும்வரை. ஆனால் அமெரிக்காவின் புளோரிடாவில் பேஜ்-லாட்சன் என்ற இடம் அவுசில்லா ஆற்றின் அடியில் இருக்கிறது. 14,500 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அங்கே இருந்ததற்கான சான்றுகளை முக்குளித்துத்தான் எடுத்தார்கள். மெக்சிகோவின் ஓயோ நெக்ரோவோ நீர் நிறைந்த குகை. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும் நூறாண்டுகளாவது நீருக்கடியில் இருந்தவற்றைத்தான் பேசுகிறதே ஒழிய, கடல் என்று வரையறுக்கவில்லை. அதனால் துறையின் பெயர் நீரடித் தொல்லியல் என்றே இருக்கட்டும்.

ஆழ்கடலுக்கு வருவோம். கடலியலில், கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தளமான கண்டத்திட்டு முடிந்து, ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே தொடங்குவதுதான் ஆழ்கடல். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 முதல் 130 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கடற்கரையே அங்கேதான். அதற்கும் கீழே மனிதன் குடியிருந்திருக்க வழியில்லை. அதாவது, தொல்பழங்கால மனிதரின் குடியிருப்பு ஆழ்கடலில் இருக்கவே முடியாது.

கிடைத்த இடங்களின் ஆழத்தைப் பாருங்கள். டென்மார்க்கின் டிப்ரின் விக் சுமார் 3 மீட்டர். இங்கிலாந்தின் வைட் தீவை ஒட்டிய போல்ட்னர் கிளிஃப் 11 மீட்டர். இஸ்ரேலின் அட்லிட் யாம் 8 முதல் 12 மீட்டர். பிரான்சின் காஸ்கே குகையின் வாய் 37 மீட்டர். இத்துறையில் இதுவே ஆழமான இடங்களில் ஒன்று. போல்ட்னர் கிளிஃபில் 8,000 ஆண்டுப் பழைய குடியிருப்பைக் காட்டிக்கொடுத்தது ஒரு சிங்கி இறால். 1999இல் அது வளை தோண்டி வெளியே தள்ளிய மண்ணில், மனிதர் செதுக்கிய சக்கிமுக்கிக் கற்கள் கிடந்தன. இதைப் போய் ஆழ்கடல் ஆய்வு என்றால் வாசகர் மனத்தில் எழுவது நீர்மூழ்கியும் இருட்டும் இயந்திரக் கையும்.

வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. சாதாரணக் காற்றுக் கலனோடு 12 மீட்டரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு நேராக மேலே வரலாம். 40 மீட்டரில் அந்த நேரம் சுமார் 10 நிமிடம். அதைத் தாண்டினால், உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, நின்று நின்று ஏற வேண்டும். 200 மீட்டரில் காற்றுக் கலனோடு இறங்குவது என்ற பேச்சே இல்லை. கருவியும் ஆழத்தைப் பொறுத்து மாறும். வண்டலை உறிஞ்சும் காற்றேற்றுக் குழாய், உள்ளே விட்ட காற்று விரிந்து மேலேறும் வேகத்தில் இயங்குவது. இரண்டு மூன்று மீட்டர் நீரில் அதற்கு இழுவை போதாது. அங்கே பம்பு வைத்து நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் குழாயைத்தான் பயன்படுத்துவார்கள். அதையும் தொல்லடுக்கின் மேல் நேராக வைப்பதில்லை. கையால் நீரை விசிறி மண்ணைக் கிளப்பி, கலங்கல் மட்டும் குழாய்க்குள் போகும்படி செய்வார்கள். குழாயை மண்ணில் வைத்து அழுத்தினால் அடுக்கே கலைந்துவிடும்.

'அகழாய்வு' என்ற சொல்லும் இங்கே பெரும்பாலும் பொருந்தாது. டாக்கர்லாந்தின் ஆறுகளையும் ஏரிகளையும் வரைபடமாக்க உதவியது, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் செயற்கையாக அதிர்வலைகளை அனுப்பி எடுத்து வைத்திருந்த நில அதிர்வுத் தரவு. பிறகு துளையிட்டு மண் உருளைகளை எடுத்து, அன்றைய தாவரங்களை அறிய மகரந்தம் எண்ணுகிறார்கள். குழி வெட்டி அகழ்ந்த இடங்கள் சிலவே. தோண்டும்போதும் முக்கியப் பகுதியைப் பெட்டியோடு அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து ஆய்வகத்தில் பிரிப்பதே நல்லது. மேலே வந்த மரத்தை ஈரம் குறையாமல் வைக்க வேண்டும். உலரவிட்டால் அதன் உயிரணுக்கள் நொறுங்கிச் சுருண்டுவிடும். பல மாதங்கள் உப்பை வெளியேற்றி, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளில் ஊறவைத்து, உறைய வைத்து உலர்த்துவார்கள்.

இனி 'மூழ்கிய'. கப்பல் மூழ்கும், மனிதர் மூழ்குவர். டாக்கர்லாந்து மூழ்கியது என்றால் நிலம் கீழே போனதாகக் கேட்கிறது. பனிப்பாறைகள் உருகிக் கடல் ஏறியதே முதற்காரணம். நிலம் இறங்கிய இடங்களும் உண்டு என்பதால்தான் பாதி சரி என்றேன். பனிச்சுமை நீங்கிய ஸ்காண்டிநேவியா நிமிர, டென்மார்க்கின் வடக்கு உயர்ந்தது, தென்மேற்கு தாழ்ந்தது. அதனால் ஒரே காலத்துக் கரைக் குடியிருப்புகள் வடக்கே தரையிலும் தெற்கே நீரிலும் கிடக்கின்றன.

இதற்கு நம்மிடம் பழைய தொடர் இருக்கிறது: கடல் கொண்டது. சிலப்பதிகாரம் 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்கிறது. கொண்டது கடல், கொள்ளப்பட்டது நிலம். யார் நகர்ந்தார் என்ற குழப்பமே இல்லை. 'கடல் கொண்ட நிலம்' என்று எழுதினால் குமரிக்கண்டம் நினைவுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அதற்காக நல்ல தமிழை ஒதுக்குவதா? ஒதுக்க வேண்டியது 'ஐரோப்பாவின் குமரிக்கண்டம்' என்ற ஒட்டுப்பெயரைத்தான். டாக்கர்லாந்து கண்டம் அன்று. பிரிட்டனை ஐரோப்பாவோடு இணைத்திருந்த தாழ்நிலம். 1998இல் தொல்லியலாளர் பிரையனி கோல்ஸ் வைத்த பெயர் அது. வடகடலடியில் உள்ள டாக்கர் மேட்டிலிருந்து எடுத்தது. அந்த மேடு இன்றும் 15 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. ஆனால் 'கடல்கோள்' என்று சுருக்க மாட்டேன். அது இன்று திடீர்ப் பேரலையையும் குறிக்கிறது. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே கரைக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த ஸ்டோரெக்கா நிலச்சரிவு எழுப்பிய பேரலை அங்கே அடித்தது உண்மை. கடல் அந்நிலத்தைக் கொண்டதோ பல ஆயிரம் ஆண்டுகளில்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடும் வழக்கத்தால் வரும் கேடு இதோடு நிற்கவில்லை. 1931இல் கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில் ஒரு பீட் கட்டி ஏறியது. அதை உடைத்தபோது, ஏறத்தாழ 22 செ.மீ. நீளத்தில், மான்கொம்பில் செதுக்கிய முள்முனை ஒன்று உள்ளே இருந்தது. இதை 'நிலக்கரிக் கட்டி' என்று எழுதுகிறார்கள். பீட் என்பது சதுப்பில் முழுதும் மட்காமல் படிந்த தாவரக் குவியல். நிலக்கரிக்குள் மனிதன் செய்த கருவி கிடைத்தால் புவியியலையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அந்த முனையை ஹார்பூன் என்று ஒலிபெயர்ப்பதும் வேண்டாத வேலை. சங்கப் பாடல்களில் பரதவர் பெருமீன்மேல் எறிவது எறியுளி. பொருளும் வடிவும் பொருந்துகின்றன.

இன்னும் மோசமானது 'ஆதிமனிதன்'. நெதர்லாந்தின் சேலந்துக் கடலிலிருந்து 2001இல் வந்த மண்டையோட்டுத் துண்டு, அழிந்துபோன வேறொரு மனித இனமான நியாண்டர்தாலுடையது. டிப்ரின் விக்கில் துடுப்புக்கு அழகுவேலை செய்தவர்கள் நம் இனத்து இடைக்கற்கால மக்கள். இருவரையும் ஒரே சொல்லில் அடைப்பது ஆய்வின் கேள்வியையே அழிப்பது. சிலர் 'ஆதிவாசிகள்' என்றும் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் முருஜுகாவில் கடலடியில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி எழுதும்போது பூர்வகுடி என்பது சரி. அந்த நிலத்துக்கு உரிய மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், ஆய்விலும் பங்கேற்றார்கள். வடகடலில் யாரைச் சுட்டுகிறது அந்தச் சொல்? இனம் தெரிந்தால் இனத்தையும், காலம் தெரிந்தால் இடைக்கற்கால வேட்டுவர், புதிய கற்கால உழவர் என்று காலத்தையும் எழுதலாம். இரண்டும் தெரியாத இடத்தில் 'தொல்பழங்கால மக்கள்' போதும்.