அகாமடேஷன்: சலுகை அல்ல, தக்க ஏற்பாடு

‘அகாமடேஷன்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது தங்குமிடம்தான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் எழுதும் விதிமுறைகளை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘நியாயமான தங்குமிடம்’ என்று வந்து நிற்பதும் இதனால்தான். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழி தேடும் மாணவர் அதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? கல்வியில் இந்தச் சொல்லின் பொருளே வேறு. உடல்நிலை, புலன், கற்கும் முறை ஆகியவற்றால் ஒரு மாணவருக்கு வகுப்பிலோ தேர்விலோ தடை வரும்போது, அதை நீக்கக் கல்வி நிறுவனம் தன் நடைமுறையில் செய்யும் மாற்றமே அகாமடேஷன். பாடமும் தேர்ச்சித் தரமும் அப்படியே இருக்கும். கற்கும் வழியும் கற்றதைக் காட்டும் வழியும்தான் மாறும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து ‘கொம்மோடுஸ்’, அதாவது அளவுக்குப் பொருந்திய, தக்க. அதிலிருந்து ‘அக்கொம்மொடாரே’, பொருந்தச் செய்தல். தங்குமிடம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. தொலைவுக்கு ஏற்பக் கண்வில்லை தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதற்கும் இதே பெயர்தான். நம் அறிவியல் பாடநூல்கள் அதை ‘விழி ஏற்பமைவு’ என்கின்றன.

சட்டத்துக்குள் இந்தச் சொல் வந்த கதை சற்று எதிர்பாராதது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்று, தொழிலாளரின் மத அனுசரிப்புக்கு முதலாளி ‘நியாயமான’ அளவில் ‘அகாமடேட்’ செய்ய, அதாவது இடம் கொடுக்க வேண்டும் என்றது. ஓய்வுநாளில் வேலை செய்ய மறுப்பவருக்கு வேலை நேரத்தை மாற்றித் தருவது போன்ற விஷயம். அடுத்த ஆண்டு வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஆனால் அதற்கான விதிகள் நான்கு ஆண்டுகள் வரவில்லை. 1977இல் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடம் ஒன்றுக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேல் அமர்ந்து போராடினார்கள். விதிகள் கையெழுத்தாயின. கல்லூரிகளுக்கான பகுதியில் இருந்த சொல் ‘அகடமிக் அட்ஜஸ்ட்மென்ட்’, அதாவது கல்விசார் மாற்றம். பிரிட்டன் இன்றும் ‘ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்’ என்றுதான் சொல்கிறது. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை ‘ரீசனபிள் அகாமடேஷன்’ என்பதை உலகச் சொல்லாக்கியது. அதை மறுப்பதும் பாகுபாடே என்று அந்த உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு சொல்கிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? கணிதத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். ‘எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் எக்ஸ் கழித்தல் ஒன்று’ என்றால், கணிதம் தெரியாதவருக்குப் பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாது. ‘அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் ஒன்று, அடைப்புக்குறி மூடு’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி இதிலேயே போய்விடுகிறது. அந்தப் பாடம் தெரிந்த ஒருவரை எழுத அமர்த்துவதும், தேர்வுக்கு முன்பே இருவரும் ஒருமுறை சேர்ந்து பழக விடுவதும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தவை. இதைக் கவனிக்காமல் நேரத்தை மட்டும் நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு.

‘அணுகல்தன்மை’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரை வாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாகப் பாடக்குறிப்பு முதலிலேயே இருப்பது அணுகல்தன்மை. யாரும் கேட்பதற்கு முன்பே, எல்லோருக்குமாகச் செய்து வைக்க வேண்டியது. பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்து போட்டால், வாசிப்பானுக்கு அங்கே படிக்க எழுத்தே கிடைக்காது. அகாமடேஷன் என்பது ஒருவர் கேட்டதும் அவருக்கென்று செய்வது. முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவதற்கான தேவை குறையும், ஆனால் முழுதாக மறையாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

அதிகம் புழங்கும் சொல் ‘சலுகை’. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வட்டியில் சலுகை, கட்டணத்தில் சலுகை என்பதுபோல், கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. கூடுதல் நேரம் பெற்று எழுதிய மாணவரைச் சக மாணவர்கள் ‘அவனுக்கென்ன, சலுகை இருக்கு’ என்று பேசுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். ‘வசதி’ பரவாயில்லை, ஆனால் மின்விசிறியும் வசதிதான். ‘தகவமைப்பு’ மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பிடித்தமானது. அதிலும் ஒரு சிக்கல். உயிரியலில் தகவமைப்பு என்றால் உயிரினம் தன்னைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வது. இங்கே மாற வேண்டியது சூழல், அதாவது கல்வி நிறுவனம். ‘ஏற்பமைவு’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பேச்சில் வராது, அறிவியல் வகுப்பைத் தாண்டவில்லை.

நான் பரிந்துரைப்பது ‘தக்க ஏற்பாடு’. படிப்பு சார்ந்தது என்று குறிக்க ‘கல்விசார் தக்க ஏற்பாடு’. தகு, தகவு, தகுதி, தக்க எல்லாம் ஒரே வேர். லத்தீன் ‘கொம்மோடுஸ்’ சொல்வதும் அதைத்தான். ‘ரீசனபிள்’ என்பதை ‘நியாயமான’ என்று எழுதினால், ‘ஏதோ முடிந்த அளவு’ என்று பொருள்கொள்ள இடம் வந்துவிடுகிறது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட விளக்கத்தில், அந்தச் சொல் விதிவிலக்குக்கான வழி அல்ல என்றும், ஏற்பாடு அந்த நபருக்குப் பொருத்தமாகவும் பயனுள்ளதாகவும் இருப்பதையே அது குறிக்கிறது என்றும் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் மீது மிகையான சுமை விழக் கூடாது என்பது வேறு நிபந்தனை. சுமை மிகை என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு.

‘ஏற்பாடு’ என்பதில் இன்னொரு நன்மை, அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். ‘தேர்வுத் துறை ஏற்பாடு செய்தது’ என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்துவிடுகிறது. ‘சலுகை கோரும் படிவம்’ என்ற தலைப்பை ‘தக்க ஏற்பாட்டுக்கான விண்ணப்பம்’ என்று மாற்றும் பல்கலைக்கழகம், உள்ளே இருக்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். ‘குறைபாட்டின் சதவீதம்’ என்பதோடு நிற்காமல், ‘எந்தப் பாடத்தில், எந்த வேலையில் தடை வருகிறது? என்ன செய்தால் நீங்கும்?’ என்று மாணவரிடமே கேட்க வேண்டும்.