கவிழ்ந்து கிடந்த கல்லில் பெயர் தப்பியது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த ஊர்களில் யூதர்களின் இடுகாடுகள் கல் குவாரிகளாயின. போலந்தின் கிராக்கூவ் நகரத்தில் பிளாஷூவ் என்ற நாஜி வதைமுகாமை 1942-இல் இரண்டு யூத இடுகாடுகளின் மேலேயே கட்டினார்கள். முகாமின் பாதைகளில் பதித்தது அங்கே பிடுங்கிய கல்லறைக் கற்களை. காஷிமியெஷ் டோல்னி என்ற சிற்றூரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ குடியேறிய மடத்தின் முற்றத்துக்கும் அவைதான் தளம். கிரேக்கத்தின் தெசலோனிகியில், ஜெர்மானியர் தலையசைத்ததும், நகராட்சியே ஆள் வைத்து மாபெரும் இடுகாட்டை 1942 டிசம்பரில் உடைக்கத் தொடங்கியது. அந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது.

கற்கள் இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. பெலாரஸின் பிரெஸ்ட் நகரத்தில் 2014-இல் சூப்பர்மார்க்கெட் கட்டப் பழைய வீடுகளை இடித்தபோது 1,000-க்கும் மேல் வந்தன. இப்படிக் கிடைக்கும் கல்லில் பெயர் மிஞ்சுமா என்பதைப் பெரும்பாலும் ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: எழுத்துள்ள முகம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா?

மேலே இருந்தால் கால்களும் சக்கரங்களும் தேய்த்துவிடும். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். கிழக்கு ஐரோப்பாவில் கல்லறைக் கற்களில் பல மணற்கல். அதன் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படி நடந்தால் முகம் ஏடு ஏடாக உரிந்து வரும். கவிழ்த்துப் பதித்த கல்லிலோ எழுத்து மண்ணுக்குள் வெயில், மழை, தேய்மானம் எதுவும் படாமல் கிடக்கிறது. கல்லுக்கு அவமானமான நிலைதான். எழுத்துக்கு அதுவே காப்பு.

ஆனால் தோண்டி எடுத்ததும் அவசரப்படக் கூடாது. மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்பு கல்லுக்குள் கரைந்திருக்கும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் அந்த உப்பு மேற்பரப்புக்கு அருகில் படிகமாகி எழுத்தையே தள்ளி உதிர்த்துவிடும். எனவே நிழலில் மெல்லக் காயவைத்து, தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டுதான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி பிரஷ், பிளீச்சிங், எழுத்தில் சாக்கட்டி தேய்ப்பது எல்லாம் கெடுதல். நொறுங்கும் மணற்கல்லில் தாளை ஒட்டி மைப்படி எடுப்பதும் ஆபத்து. அதற்குப் பதில், இருட்டில் ஒரு பக்கத்திலிருந்து கல்லை ஒட்டிச் சாய்வாக விளக்கைக் காட்டிப் படம் எடுப்பார்கள். பகலில் வெறும் பரப்பாகத் தெரிந்த இடத்தில், மில்லிமீட்டர் ஆழமே உள்ள வெட்டுகூட நிழல் விழுந்து எழுத்தாகிவிடும்.

அப்புறம் வாசிப்பு. துண்டு எங்கிருந்து உடைந்தது என்பதற்கு எழுத்தே துப்புக் கொடுக்கும். தலைப்பில் 'இங்கே அடக்கம்' என்பதன் சுருக்கமாகப் பே, நூன் என்ற இரண்டு எபிரேய எழுத்துகள் வரும். அடியில், 'இறந்தவரின் உயிர் வாழ்வோரின் கட்டோடு கட்டப்பட்டிருக்கட்டும்' என்ற வேண்டுதலைச் சுருக்கிய ஐந்து எழுத்துகள். ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் இறந்தவர் குருமார் வம்சம். தண்ணீர்க் குடுவை என்றால் குருமாருக்கு உதவிய லேவியர் வம்சம். மெழுகுவர்த்தித் தண்டு பெரும்பாலும் பெண்.

ஆண்டும் எழுத்தில்தான், யூத நாட்காட்டிப்படி. ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. தாவ் 400, ரேஷ் 200, சாமெக் 60, கிமெல் 3, கூட்டினால் 663. ஆயிரத்தின் இடத்தில் வரும் 5,000-ஐ எழுதாமல் விடுவது வழக்கம். 663-உடன் 1,240 கூட்டினால் நம் கணக்கில் 1903. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், அந்தத் தொடக்க மாதங்களின் மரணம் என்றால் 1902. கடைசி எழுத்து உடைந்துபோயிருந்தாலும் 1899-க்கும் 1909-க்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம். அதோடு தகப்பன் பெயரும் கிடைத்தால், ஊரின் பழைய மரணப் பதிவேட்டில் ஆளைத் தேட வழி பிறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வலது ஓரம். பல கல்லறைகளில் இரங்கல் வரிகளின் முதல் எழுத்துகளைக் கோத்தால் இறந்தவர் பெயர் வரும்படி பாடியிருப்பார்கள். எபிரேயம் வலமிருந்து இடம் போவதால், வரியெல்லாம் அறுபட்டு வலப்பக்கம் ஒரு சாண் அகலமே மிஞ்சினாலும் பெயர் மேலிருந்து கீழாக முழுசாக நிற்கலாம். சாணைக்கல்லாக வட்டமாக வெட்டப்பட்ட கற்களுக்கு இந்த அதிர்ஷ்டம் அரிது. அவற்றில் வெட்டு முதலில் கொண்டுபோவது ஓரங்களைத்தான்.

மீட்ட கல் எந்தக் குழியின் மேல் நின்றது என்பது பெரும்பாலும் தெரியாது. அதனால் பல ஊர்களில் துண்டுகளைச் சேர்த்து நினைவுச் சுவர் எழுப்பினார்கள். காஷிமியெஷ் டோல்னியில் 1984-இல் எழுப்பிய சுவரின் நடுவே வேண்டுமென்றே ஒரு பிளவு விட்டிருக்கிறார்கள். பார்க்க உருக்கமான ஏற்பாடுதான். ஆனால் இப்படிப்பட்ட சுவர்களில் சிமெண்ட் வைத்துப் பூசினால் சிக்கல். சிமெண்ட் மணற்கல்லைவிட இறுக்கமானது. ஈரம் அதன் வழியே வெளியேற முடியாமல் கல்லின் எழுத்து முகம் வழியாகவே ஆவியாகும், உப்பும் அங்கேயே படியும். சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரம் இணைப்புகளின் வழியே போய்விடும். உப்பு அரித்தாலும் சாந்தைத்தான் அரிக்கும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம்.