சூரியனைக் கேமரா பார்க்கட்டும்

சூரியக் கரும்புள்ளிகளைப் படமெடுத்துவந்த இளைஞர் ஒருவர், வலக்கண்ணால் படிக்கும்போது வரியின் நடுவே ஓர் எழுத்து மட்டும் காணாமல் போவதாகச் சொல்லி என்னிடம் வந்தார். கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, நீர் வடியவில்லை. கட்டம் போட்ட தாளைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னபோது, புள்ளி மறைந்துவிடுவதாகவும் அதைச் சுற்றியுள்ள கோடுகள் உள்நோக்கி வளைவதாகவும் விரலால் வரைந்து காட்டினார். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில், அதன் நட்டநடுவில் ஒளியுணர் செல்களின் அடுக்கு அறுபட்டிருந்தது. இடக்கண்ணில் குறையேதும் இல்லை. இந்தக் காயம் ஒற்றைக் கண்ணில் மட்டும் இருந்தால், ஏதோ ஒரு கருவியின் வழியாகச் சூரியனைப் பார்த்திருக்கிறாரோ என்றுதான் எங்களுக்கு முதலில் ஐயம் எழும்.

அவர் விவரம் அறியாதவர் அல்லர். தொலைநோக்கியின் முகப்பில் தரமான சூரிய வடிகட்டியைப் பொருத்தியிருந்தார். ஆனால், பக்கத்தில் இருந்த 6 மடங்கு பெரிதாக்கும் ஃபைண்டரின், அதாவது இலக்கைத் தேட உதவும் சிறு தொலைநோக்கியின், மூடி கழன்று விழுந்திருந்ததைக் கவனிக்கவில்லை. சூரியன் கேமராவின் சட்டத்துக்குள் வராமல் போகவே, இரவில் கோள்களைத் தேடும் பழக்கத்தில் அந்த ஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டார். "ஒரு நொடிகூட இருக்காது, டாக்டர்" என்றார்.

அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படமெடுப்பவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுங்கண்ணால் பார்க்கையில் விழித்திரையில் விழும் சூரியப் பிம்பத்தின் விட்டம் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர். 6 மடங்கு ஃபைண்டரில் அதுவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டராகிறது. எழுத்தையும் முகத்தையும் கூர்மையாகக் காண உதவும் நடுக்குழியின் மையமோ வெறும் 0.35 மில்லிமீட்டர்தான், அது முழுவதும் பிம்பத்துக்குள் மூழ்கிவிடுகிறது. சிறு பிம்பத்தின் வெப்பத்தைச் சுற்றியுள்ள திசு ஓரளவு இழுத்துக்கொள்ளும். பெரிய பிம்பத்தின் நடுவிலிருந்து வெப்பம் அவ்வளவு எளிதில் வெளியேறாது. ஆகவே, வெறுங்கண்ணில் ஒளி மெல்ல மெல்லச் செய்யும் வேதிச் சேதத்தோடு, கருவியின் வழியாகப் பார்ப்பவருக்குச் சுட்டுப் பொசுக்கும் காயமும் சேர்கிறது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் இல்லாததால் அப்போது எச்சரிக்கை எதுவும் கிடைப்பதில்லை. பார்வைக் குறை பல நேரங்களில் சில மணி நேரம் கழித்தே தெரிய வருகிறது.

இதனால்தான் நான் பிடிவாதமாக ஒன்றைச் சொல்லிவருகிறேன்: படமெடுப்பவருக்குச் சூரியனைத் தம் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஃபைண்டரை மூடுவதைவிடக் கழற்றி வைப்பதே நல்லது. தொலைநோக்கியின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை குழாயைத் திருப்பினால் சூரியன் தானே சட்டத்துக்குள் வந்துவிடும். குவியத்தைத் திரையில் பார்த்துச் சரிசெய்யலாம். கண்ணாடி வழியாக நேரே காட்டும் வியூஃபைண்டர் கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமராவை வைத்திருப்பவர்களும் பின்திரையில் படத்தைக் காட்டும் லைவ் வியூவையே பயன்படுத்த வேண்டும்.

வடிகட்டியை வாங்கும்போது அடர்த்தி எண்ணைப் படியுங்கள். 5.0 என்றால் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே வரும். 3.8 என்றால் ஏறத்தாழ 6,300-இல் ஒரு பங்கு, அதாவது 16 மடங்கு அதிகம். பிந்தையது கேமராவுக்கு மட்டுமே உரியது. "குவியம் சரியா என்று ஒருமுறை பார்க்கிறேன்" என்று கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸைச் செருகக் கூடாது. ஐபீஸில் திருகும் சிறு சூரியக் கண்ணாடிகள் குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும் என்பதால் அவற்றைத் தூக்கியெறியுங்கள். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கானது. அதை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பது பாதுகாப்பாகாது. முழுச் சூரிய கிரகணத்தில் வட்டம் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களில் மட்டும் வடிகட்டியைக் கழற்றலாம். வளைய கிரகணத்தில் அதற்கும் இடமில்லை.

நிலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். முழு நிலவு கண்ணைக் கூசச் செய்யுமே தவிரக் கெடுக்காது. கோள்களில் மட்டும் பகலில் வெள்ளியையோ புதனையோ தேடுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புதன் சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. தொலைநோக்கியைத் தானே திருப்பும் தானியங்கித் தாங்கி, திரும்பும் வழியில் சூரியனைக் கடந்தாலே போதும், விபரீதம் நேர்ந்துவிடும். கட்டடத்தின் நிழலில் சூரியன் முழுதாக மறைந்திருக்கும் இடத்தில் கருவியை நிறுத்துங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால், எழுத்து மறைவதும் கோடு வளைவதும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திராமல் விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் பார்வை பெருமளவு மீள்கிறது. சிலருக்கு நடுவில் ஒரு சிறு மறைவு நிலைத்துவிடுகிறது.

அந்த இளைஞர் ஆறாம் மாதம் வந்தபோது பார்வைச் சோதனை அட்டையில் கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்தார். கட்டத் தாளில் ஒரேயொரு கோடு இன்னும் நெளிந்திருந்தது. படமெடுப்பதை அவர் விடவில்லை. இப்போது கேமராவை மடிக்கணினியில் இணைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் எடுக்கிறார்.