பேட்ச்: ஒட்டா, துன்னலா, இற்றையா?

போன தேர்தல் முடிந்த மறுவாரம், சனிக்கிழமை இரவு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பியைப் போனில் பிடித்து, "ஒட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போன வாரமே போட்டுட்டேண்ணே, ஏன் கேக்குறீங்க?" என்றான். நான் கேட்டது நான்கு சர்வர்களுக்குப் பேட்ச், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட்டாயிற்றா என்று. குறில் அவன் காதில் நெடிலாக விழுந்துவிட்டது.

பேட்ச் என்றே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அப்போது தோன்றியது உண்மைதான். பேச்சுக்கு அது போதும். தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தால்தான் தலைவலி. ஒட்டு, திருத்தம், இணைப்பு, இற்றை என்று ஆளுக்கொன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள். எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தில் பேட்ச் தையற்காரர் வீட்டுச் சொல். கிழிந்த இடத்தில் வைத்துத் தைக்கிற துண்டுத் துணி. பழைய பிரெஞ்சில் துண்டைக் குறித்த ஒரு சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள். இந்தச் சொல் கணினிக்கு வந்த கதை இன்னும் சுவையானது. உவமையாக வரவில்லை, கையில் பசையோடு வந்தது. 1944-இல் ஹார்வர்டில் இயங்கிய மார்க் 1 கணினி, கட்டளைகளைத் துளையிட்ட தாள் நாடாவிலிருந்து படித்தது. நாடாவின் ஒரு வரிசைக்கு 24 துளைகள் வரை விழும். தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால், அதன்மேல் சின்னத் துண்டை ஒட்டி அடைத்தார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடாவின் படத்தை இன்றும் பார்க்கலாம், நம் ஊர் பஞ்சர் கடை டியூப் மாதிரியே இருக்கும். பிற்காலத்தில் மென்பொருள் விற்றவர்கள் திருத்தத்தைத் தாள் நாடாவாகவோ அட்டைக் கட்டாகவோ அனுப்பினார்கள். வாங்கியவர் பழைய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1985-இல் நிரலாளர் லாரி வால் எழுதி வெளியிட்ட நிரலுக்குப் பேட்ச் என்றே பெயர் வைத்தார். எந்த வரி போய் எந்த வரி வந்தது என்கிற பட்டியலைக் கொடுத்தால், பழைய கோப்பைப் புதியதாக்கித் தரும். 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயை இதற்கென்றே ஒதுக்கியது. அங்கே காலை பத்து மணிக்கு வெளியாகும்போது நமக்கு இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகிவிடும். அதனால் இங்கே அது பேட்ச் செவ்வாய் அல்ல, பேட்ச் புதன்.

இப்படிப் பார்த்தால் 'ஒட்டு' என்பது மொழிபெயர்ப்பே இல்லை, அதே செயலுக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த பெயர். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுகிறார்களே, அதேதான். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை என்பதுகூட ஒத்துப்போகிறது. ஒட்டு மாங்கன்றிலும் அதே சொல்தான் நிற்கிறது. சொல்லின் கடைசியில் ஒட்டு ஏற்றி ஏற்றிப் பொருள் வளர்க்கும் தமிழுக்கே ஒட்டுநிலை மொழி என்றுதான் பெயர்.

'இணைப்பு' எனக்கு அறவே ஒவ்வாது. மின்னஞ்சலோடு வருவதும் இணைப்பு, சொடுக்கினால் திறப்பதும் இணைப்பு, கம்பியில் வருவதும் இணைப்பு. "இணைப்பை நிறுவிய பின் சர்வரை மறுதொடக்கம் செய்க" என்று எழுதினால், படிப்பவர் கேபிளைத்தான் தேடுவார். 'திருத்தம்' தப்பில்லை. ஆனால் அது என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறதே ஒழிய, கையில் வந்து சேர்ந்த பொருளைச் சொல்வதில்லை. திருத்தத்தை ஒட்டாக அனுப்புகிறார்கள் என்றால் சரி.

இன்னும் பழைய சொல் ஒன்று இருக்கிறது: துன்னல். துன்னுதல் என்றால் தைத்தல். பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் போய் நிற்கிற பொருநன், தான் உடுத்தியிருந்ததை 'வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்' என்கிறான். சிதார் என்றால் கந்தல். அதில் வேறு நூல் புகுந்து புகுந்து, எது பழைய துணி எது தையல் என்று தெரியாத நிலை. பத்து வருடமாக ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு வைத்திருக்கும் சர்வரைப் பார்த்தவர்களுக்கு 'வேற்றிழை நுழைந்த' என்பதை விளக்கவே வேண்டியதில்லை. கரிகாலன் அந்தக் கந்தலில் இன்னொரு தையல் போடச் சொல்லவில்லை. அதை நீக்கிவிட்டு, பாம்புச் சட்டை போல மெல்லிய புத்தாடை கொடுத்தான். இந்த இடத்துக்குத் திரும்ப வருவேன்.

அப்டேட் என்பதற்கு 'இற்றைப்படுத்தல்' நன்றாக நிலைத்துவிட்டது. இற்றை என்றால் இன்றைய. பாரி மகளிர் 'அற்றைத் திங்கள்' என்று போன மாத நிலவையும் 'இற்றைத் திங்கள்' என்று இந்த மாத நிலவையும் பாடினார்களே, அந்த இற்றை. ஒட்டு ஓட்டையைப் பார்க்கிறது, இற்றை நாட்காட்டியைப் பார்க்கிறது. பிரச்சினை எதுவும் இல்லாமலேயே இற்றைப்படுத்தலாம். ஓட்டை இல்லாமல் ஒட்டுப் போட மாட்டார்கள்.

மெய்நிகராக்க சர்வரில் இந்த இரண்டு சொல்லும் மோதிக்கொள்கின்றன. ஒரு இரும்புப் பெட்டிக்குள் முப்பது நாற்பது மெய்நிகர் கணினிகள் (வி.எம்.), அதாவது மென்பொருளாலேயே உருவான கணினிகள், ஓடும். பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர், உள்ளே ஓடுபவை கெஸ்ட், அதாவது விருந்து. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள், புதிதாக வந்தவர் என்பதால் விருந்தினர். விருந்தாளி தன் அறையைத் தாண்டக் கூடாது என்பதுதான் இந்த வீட்டின் ஒரே சட்டம். 2015-இல் வெளிவந்த வெனம் என்ற ஓட்டை அந்தச் சட்டத்தைத்தான் உடைத்தது. யாரும் தொடாமல் கிடந்த பிளாப்பி டிரைவுக்கான நிரல் வழியாக விருந்தாளி வீட்டுக்காரர் அறைக்குள் நுழைய முடிந்தது. எனவே ஹோஸ்டுக்கு ஒட்டுப் போடாமல் விடுவது ஒரு கணினியை விடுவதல்ல, நாற்பதையும் விடுவது. 2023 பிப்ரவரியில் வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் ஹோஸ்டுகள் ஆயிரக்கணக்கில், பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில் பூட்டப்பட்டன. அதற்கு வழிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே ஒட்டு வந்துவிட்டது. இரண்டு வருடம் கிடப்பில் கிடந்தது.

சோம்பல் மட்டும் காரணமல்ல. ஒட்டுப் போட ஹோஸ்டை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதற்கு விருந்தாளிகளை அடுத்த ஹோஸ்டுக்கு நகர்த்த வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே. முதலில் ஹோஸ்டுகளை எல்லாம் நிர்வகிக்கும் விசென்டர், பிறகு ஒவ்வொரு ஹோஸ்டாக. ஹோஸ்டைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோனால் நகர்வு தானாக நடக்கும் என்பது ஏட்டில். அந்தச் சனிக்கிழமை மூன்றாவது ஹோஸ்டில் தம்பி மறுபடி கூப்பிட்டான்.

"அண்ணே, ரெண்டு சதவீதத்துலயே இருவது நிமிஷமா நிக்குது."

"எந்த வி.எம். நகராம இருக்கு, பாரு."

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. கணக்குப் பிரிவோடது."

"அதுல சிடி டிரைவ் கனெக்ட் ஆகியிருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆமாண்ணே. ஐ.எஸ்.ஓ. இந்த ஹோஸ்டோட சொந்த டிஸ்க்ல இருக்கு."

எப்போதோ, யாரோ, எதையோ நிறுவ மாட்டிவிட்டு மறந்துபோன சிடி, அதன் கோப்பு வடிவம்தான் ஐ.எஸ்.ஓ. பக்கத்து ஹோஸ்டுக்கு அந்த டிஸ்க் தெரியாது, அதனால் நகர்வு மறுக்கிறது. கழற்றியதும் ஒரு நிமிடத்தில் நகர்ந்தது. ஒட்டுப் போடும் வேலையில் ஒட்டுக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஆளை எழுப்பி இடம் மாற்றும் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. விருந்தாளிகளை எல்லாம் அனுப்பிவிட்டு இ.எஸ்.எக்ஸ்.ஐ.யில் நாம் செய்வது பெரும்பாலும் ஒட்டே அல்ல. அதில் துவக்கக் கோப்புகளுக்கு இரண்டு பெட்டிகள் உண்டு, பூட்பேங்க் என்பார்கள். ஒன்றில் இப்போது ஓடுவது இருக்கும். புதியது மற்றதில் எழுதப்படும், மறுதொடக்கத்தில் ஹோஸ்ட் அதிலிருந்து எழும். பழையது தொடப்படாமல் அப்படியே இருப்பதால், எழும்போது ஷிஃப்டும் ஆர்-உம் அழுத்தினால் திரும்பிப்போகலாம். இ.எஸ்.எக்ஸ்.ஐ.யும் விசென்டரும் சேர்ந்த தொகுப்புக்கு விஸ்பியர் என்று பெயர், 2020-இல் வந்த விஸ்பியர் 7 இதை இன்னும் வெளிப்படையாக்கியது. இந்த ஓட்டைக்கு இந்த ஒட்டு என்று பட்டியல் வைத்துக்கொள்ளாமல், முழு உருவம் ஒன்றை வரையறுத்து, எல்லா ஹோஸ்டும் அதையே உடுத்தியிருக்க வேண்டும் என்கிறது. கரிகாலன் முறை. கந்தலை நீக்கு, புதுத்துணி கொடு. இதைப் போய் ஒட்டு என்று எழுதினால் தமிழுக்கும் பொருந்தாது, நடந்ததற்கும் பொருந்தாது. இதற்கு இற்றைப்படுத்தல் என்பதே சரி.

அப்படியானால் உண்மையான ஒட்டு ஹோஸ்டில் இல்லவே இல்லையா? இருக்கிறது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) பழைய செயற்கூறைப் புதியதற்குத் திருப்பிவிடும் வசதி 2015-இல் வந்த 4.0 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. வி.எம்.வேர் 2024-இல், விஸ்பியர் 8-இன் மூன்றாம் இற்றையில், லைவ் பேட்ச் என்று ஒன்றைக் கொடுத்தது. எல்லா ஓட்டைக்கும் பயன்படாது. பயன்படும் இடங்களில் விருந்தாளிகளை வெளியேற்ற வேண்டாம், ஹோஸ்டை அணைக்க வேண்டாம். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் கண்ணிமைக்கும் நேரம் நின்று, ஒட்டுப் போட்ட நிரலின்மேல் மீண்டும் ஓடும். தாள் நாடாவில் துண்டை ஒட்டிய வேலைக்கு இதுதான் நேர் வாரிசு. 'ஓடும்போதே ஒட்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஓசை கொஞ்சம் விளையாட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் தப்பவில்லை. 'உயிரொட்டு' என்று ஒருவர் சொன்னார். அது ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது.

எங்கள் மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் முன்பு 'பேட்ச்/அப்டேட்' என்று ஒரே கட்டமாக இருந்ததை இரண்டாகப் பிரித்துவிட்டேன், ஒட்டு என்று ஒன்று, இற்றைப்படுத்தல் என்று ஒன்று. தம்பியும் இப்போது புதிதாக ஒன்று வெளியானதும், "ஒட்டாண்ணே, இற்றையாண்ணே?" என்றுதான் முதலில் கேட்கிறான். இற்றை என்றால் சனிக்கிழமை ராத்திரி தூக்கம் போயிற்று என்று அவனுக்குத் தெரியும்.