நாடு, தேசம், சாதி: பழைய அகராதியைச் சான்றாகக் காட்டும் முன்

சமூக ஊடகத்தில் அரசியல் விவாதம் சூடேறினால் போதும், யாராவது ஒருவர் பழைய அகராதியின் பக்கம் ஒன்றைப் படமெடுத்துப் போட்டுவிடுகிறார். "நாடு என்றால் தேசம் என்று அன்றே அச்சிட்டிருக்கிறார்கள், பாருங்கள்" என்பார். அதே பக்கத்தை வைத்தே இன்னொருவர் நேர் எதிராக வாதிடுவார். இரண்டு பேரும் அகராதியைப் பார்க்கிறார்களே தவிர, அது எப்போது, யாருக்காக, எந்த முறையில் தொகுக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை.

முதலில் நிகண்டுகளை, அதாவது செய்யுள் வடிவிலான பழைய சொல்தொகுப்பு நூல்களை எடுத்துக்கொள்வோம். திவாகரமும் சூடாமணியும் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தவை. நாடு, ஊர், மலை, நீர்நிலை முதலியவற்றின் பெயர்கள் இடப்பெயர்த் தொகுதியில் வரும். நிகண்டு தருவது விளக்கம் அல்ல, ஒரே பொருளில் செய்யுளில் ஆளத்தக்க சொற்களின் வரிசை. புலவருக்குச் சீரும் தளையும் எதுகையும் பொருந்த மாற்றுச்சொல் வேண்டும். அதற்காக மனப்பாடம் செய்யப்பட்ட நூல் அது. அங்கே இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நின்றால் செய்யுளில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம் என்றுதான் பொருள். எல்லை, ஆட்சி, மக்கள் என்ற கூறுகளை நிகண்டு அளந்து சொல்வதில்லை. அகரவரிசை அகராதி என்ற வடிவமே தமிழில் 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதியோடுதான் வேர்விட்டது.

அடுத்தது அளவு. பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தஞ்சாவூரை "பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்" என்று குறிக்கிறது. பல ஊர்கள் சேர்ந்தது நாடு அல்லது கூற்றம். அவை பல சேர்ந்தது வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். இந்த அடுக்கில் நாடு என்பது பல ஊர்கள் அடங்கிய சிறு நிலப்பகுதி. ஆனால் அதே காலத்தில் சோழ நாடு, பாண்டி நாடு என்று பெரிய அளவிலும் அந்தச் சொல் வழங்கியது. ஆகவே கல்வெட்டில் "நாட்டார்" என்று கண்டதும் முழு நாட்டு மக்கள் என்று எழுதிவிடக் கூடாது. பெரும்பாலும் அந்தச் சிறு பகுதியின் நிலவுடைமையாளர் அவையையே அது குறிக்கும்.

இன்னும் பின்னால் போனால் நாடு என்பது ஆட்சிப் பரப்பாகக்கூட இருப்பதில்லை. "நாடா கொன்றோ காடா கொன்றோ" என்று ஔவையார் பாடும்போது காட்டுக்கு எதிரான விளைநிலம் அது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி (1924–1936) நாடு என்பதற்குத் தேசம், இடம், பூமி, உலகம், மருதநிலம், நாட்டுப்புறம் என்று பல பொருள்களைத் தருவது இதனால்தான். அவற்றில் முதலாவதை மட்டும் வெட்டி எடுத்தால் மற்ற ஆயிரம் ஆண்டு வழக்கும் போய்விடும். இன்றும் நாட்டுக்கோழி, நாட்டு மருந்து என்ற சொற்களில் அந்தப் பழைய "நம் வட்டாரத்து" என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. அதற்கு எதிர்முனையில் சீமை. அதன் மூலப்பொருள் எல்லை. பிறகு எல்லைக்குட்பட்ட பகுதி: சிவகங்கைச் சீமை. ஆங்கிலேயர் காலத்தில் அதே சொல் இங்கிலாந்தையும் ஐரோப்பாவையும் குறித்தது. சீமையெண்ணெய் அப்படி வந்தது.

நன்னூல் உரைகளில், பிற நிலங்களிலிருந்து தமிழுக்கு வரும் திசைச்சொற்களை விளக்கும் இடத்தில் வரும் பதினேழு நிலங்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். சிங்களம், சீனம், சாவகம், கடாரம் ஆகியவற்றோடு துளுவம், குடகம், கொல்லம், கன்னடம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. கடல் கடந்த பேரரசும் பக்கத்து வட்டாரமும் அங்கே ஒரே தரம். பிரிப்பது மொழி வழக்கு, இறையாண்மை அல்ல.

மிகவும் எச்சரிக்கை தேவைப்படும் சொல் சாதி. மிஷனரிகள் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதிகளில் சாதிக்குத் தரும் பொருள்களுள் "நேஷன்" என்பதும் ஒன்று. பழைய விவிலியத் தமிழில் "சகல ஜாதிகளையும்" என்றால் எல்லா இன மக்களையும் என்று பொருள். இதைப் பார்த்துவிட்டு "அன்று சாதியைத்தான் தேசம் என்றார்கள்" என்று முடிவுகட்டுவது தவறு. நேஷன் என்ற சொல்லின் இலத்தீன் மூலம் பிறப்பைக் குறிப்பது. ஜாதி என்ற வடசொல்லின் மூலமும் அதுவே. அன்றைய மொழிபெயர்ப்பாளர் பிறப்பால் அமைந்த மக்கள் கூட்டத்துக்கு ஜாதி என்று எழுதினார், அது சரியான தேர்வே. தெலுங்கிலும் வங்காளத்திலும் ஜாதீய என்றால் இன்றும் தேசிய என்றுதான் பொருள். தமிழில் அந்தப் பொருள் உதிர்ந்தது. ஆக, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைப் புரட்டுகிறவர் தமிழ்ச் சொல்லோடு அங்குள்ள ஆங்கிலச் சொல்லையும் அந்த ஆண்டின் பொருளிலேயே படிக்க வேண்டும்.

குடிமகன் என்பதும் இப்படித்தான். பழைய அகராதிகளில் நற்குடிப் பிறந்தவன் என்பதோடு, ஊருக்குப் பரம்பரையாகப் பணி செய்பவர், குறிப்பாக முடிதிருத்துபவர் என்ற பொருளும் உண்டு. வாக்குரிமை உள்ளவர் என்ற பொருள் பின்னால் வந்தது. மாநிலம் என்றால் பழைய நூல்களில் பெரிய நிலமாகிய பூமி. பரதேசி வெறுமனே வேற்றூர்க்காரர். வசைப்பொருள் பிறகு ஏறியது.

ஒரே எழுத்துக்கூட்டலில் இரு வேறு சொற்கள் இருப்பது இன்னொரு வலை. தேயம் என்பது தேசத்தின் தமிழ் வடிவம். ஆனால் பிரமதேயத்தில் உள்ள தேயம் கொடுக்கத்தக்கது என்ற பொருளுள்ள வேறு வடசொல். பிராமணருக்குக் கொடையளித்த நிலத்தைப் "பிரம்ம தேசம்" என்று பெயர்த்து எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. லெக்சிகனில் தலைச்சொல்லின் மேல் சிறிய எண் இருந்தால் அதே வடிவில் வேறு சொல்லும் உண்டு என்று கொண்டு எல்லாப் பதிவுகளையும் படியுங்கள்.

பொருளுக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் வரும் சுருக்கத்தை விடாதீர்கள். "பிங்." என்றால் பிங்கலம் என்ற நிகண்டு, "திவா." என்றால் திவாகரம், "யாழ். அக." என்றால் யாழ்ப்பாண அகராதி. நிகண்டுச் சான்று மட்டும் இருந்து இலக்கிய வரி எதுவும் இல்லையென்றால், அந்தப் பொருளில் மக்கள் உண்மையில் பேசினார்களா என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும். லெக்சிகன் ஆங்கிலத்திலும் தமிழிலும் விளக்கம் தருகிறது. இரண்டும் எப்போதும் ஒரே அளவில் விரிவதில்லை, இரண்டையும் படிப்பது நல்லது. பொருளின் வரிசை எண்ணைக் கால வரிசையாக எண்ணிவிடவும் கூடாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணியல் அகராதிகள் தளத்தில் லெக்சிகன், வின்சுலோ அகராதி, பப்ரீசியஸ் என்ற மிஷனரியின் அகராதி மூன்றையும் இலவசமாகத் தேடலாம். ஜாதி கிடைக்காவிட்டால் சாதி, ராஷ்டிரம் கிடைக்காவிட்டால் இராட்டிரம் என்று மாற்றித் தேடுங்கள். மேற்கோள் காட்டும்போது அகராதியின் பெயர், ஆண்டு, பொருள் எண், சான்றுச் சுருக்கம் நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். அப்போதுதான் படிப்பவர் தாமே சரிபார்க்க முடியும்.